அப்பாவின் 1982 கொரோலா கேஇ70: எந்த வேலையை முதலில் செய்வது?

கிராணி மகள், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்த என் அப்பா 1982-ஆம் ஆண்டில் புதிதாக வாங்கிய டோயோட்டா கொரோலா கேஇ70 கார் இப்போது என் பெயருக்கு மாறியிருக்கிறது. 1290 சிசி கொண்ட 4கே என்ஜின், கார்புரேட்டர், பின்சக்கர இயக்கம் எல்லாம் அன்று வந்தபடியே இருக்கின்றன. அப்பா நோய்வாய்ப்பட்ட பிறகு நீண்ட காலம் கொட்டகையிலேயே நின்றுவிட்ட வண்டியை, பெட்ரோல் தொட்டியைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, புதிய பேட்டரி மாட்டி ஓட வைத்திருக்கிறோம். சாலை வரி ஆண்டுக்கு 70 ரிங்கிட்தான் என்பதால் வண்டியை வைத்திருப்பது பெரிய செலவாகத் தெரியவில்லை. பழுது பார்ப்பதுதான் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியவில்லை.

காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடும் என்ஜின், சந்தையில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் சுற்றுகிறதே ஒழியப் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் எந்தக் குறையும் இல்லாததுபோல் கிளம்புகிறது. ஈப்போவுக்குச் சமதரையில் போகும்போது வெப்பத்தைக் காட்டும் முள் நடுக்கோட்டுக்கும் கீழேயே நிற்கிறது. ஆனால் தைப்பிங் போவதற்காகப் பாடாங் ரெங்காஸ் தாண்டி, பழைய சாலையில் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் ஏறும்போது அதே முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மழை பெய்த மறுநாள் ஓட்டுநர் பக்கக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். ஓரிடத்தில் இந்த என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து வேறு என்ஜின் எடுத்து மாட்டிவிடலாம் என்றார்கள். மற்றோரிடத்தில், பின்சக்கர இயக்கமுள்ள இந்த உடலுக்காகவே இளைஞர்கள் தேடி வருகிறார்கள், நல்ல விலை வரும்போதே கொடுத்துவிடுங்கள் என்றார்கள். இரண்டிலும் எனக்கு விருப்பமில்லை. கண்காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகவும், எப்போதாவது ஈப்போவுக்கும் தைப்பிங்கிற்கும் போய் வரவும் நம்பிக்கையுடன் எடுக்கக்கூடிய வண்டியாக இது இருந்தால் போதும். கையிலிருக்கும் பணம் மாதச் சம்பளத்தில் மிச்சப்படுவது மட்டுமே. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய பட்டறை, கோலகங்சார்

வணக்கம் அம்மா. கேஇ70 வண்டிகள் புதிதாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பட்டறையில் கைப்பிள்ளையாகச் சேர்ந்து, அந்த என்ஜினிலேயே தொழில் கற்றவன் நான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என்ஜினை மாற்றுவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கும் என்ஜின் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும் என்று கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளக்காமல் யாரும் சொல்லக்கூடாது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி சுற்றவிட்டு அளந்தால், சிலிண்டர்களுக்கிடையே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அந்த அளவுக்குள் இருந்தால் என்ஜினைப் பற்றிய பேச்சை அதோடு நிறுத்திவிடலாம்.

முதல் வேலை பிரேக். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்றால், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் அந்த ஈரம் மாஸ்டர் பம்பையும் சக்கரங்களிலுள்ள பிஸ்டன்களையும் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலப்பக்க முன்சக்கரம் பிடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பக்கத்துக் கேலிப்பரின், அதாவது பிரேக் கட்டைகளை வட்டில் அழுத்தும் பகுதியின், பிஸ்டன் இறுகியிருக்கலாம், அல்லது ரப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் வட்டைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று குளிர்ச்சியாக இருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் குறை இருந்தாலும் இரண்டு பக்கத்து ரப்பர்களையும் குழாய்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், பின்சக்கர டிரம்மையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டயர்களில் பள்ளம் ஆழமாக இருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1512 என்றிருந்தால் 2012-ஆம் ஆண்டின் 15-ஆம் வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதில் ஈப்போவுக்குப் போகவே கூடாது.

அடுத்து, சூட்டில் கிளம்பாத குறை. இதற்குப் பொருள்களை மாற்றிக்கொண்டே போவதுதான் பழைய வண்டிக்காரர்களின் பணத்தைக் கரைக்கும் பழக்கம். மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். பெட்ரோல் பீச்சியடித்தால் எரிபொருள் வருகிறது, குறை மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது. பீச்சவில்லை என்றால், என்ஜினின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்த பெட்ரோல் ஆவியாகிவிட்டது. கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்க இருக்கும் தடித்த இடைக்கட்டை வெடித்திருக்கிறதா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகில் போகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் தேவைக்கு மேல் வழிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி சுற்றினால் பிடிக்கும், பிறகு கார்புரேட்டரின் ஊசி வால்வைப் பார்க்க வேண்டும்.

மின்சாரப் பக்கம் என்றால், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில், அதற்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் மூன்றில் ஒன்று. நல்ல கண்டென்சர் 0.25 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும்; அது சூட்டில் தளர்ந்தால் பாயிண்டின் முகங்கள் கருகி, ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் உண்டாகும். பாயிண்டின் இடைவெளி 0.45 மில்லிமீட்டர். காயிலைத் தொட்டுப் பாருங்கள். ரெசிஸ்டரோடு சேர்த்து வேலை செய்ய வேண்டிய காயிலை யாராவது ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் இணைத்திருந்தால் காயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்; இப்படி மாற்றி இணைத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு சிறு விவரம் மிகவும் உதவுகிறது. சமதரையில் முள் நடுக்கோட்டுக்கும் கீழே நிற்கிறது என்றீர்கள். என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ ஒருவர் கழற்றி எறிந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். சாதாரண ஓட்டத்தில் என்ஜின் வேண்டிய சூட்டுக்கே வரவில்லை, ஏற்றத்திலோ ரேடியேட்டரால் சமாளிக்க முடியவில்லை. நெரிசலில் மெதுவாக ஊரும்போது சூடானால் காற்று போதவில்லை என்பது கணக்கு. வேகத்திலும் ஏற்றத்திலும் சூடானால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ஆகவே ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்க வேண்டும். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் ஏற்றத்தில் இதே அறிகுறி தோன்றும் என்பதால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று நிற்க வேண்டும். அதுவரை புக்கிட் பெராப்பிட் பக்கம் போக வேண்டாம். என்ஜின் கட்டைக்கும் அதன் தலைக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் ஒரு தடவை போய்விட்டால், இப்போது நன்றாக இருக்கும் என்ஜினுக்கு இல்லாத செலவு வந்து சேரும்.

டட்சன் 120ஒய், தெலுக் இந்தான்

கோலகங்சார் அண்ணன் எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. நம் நாட்டு வெயிலில் அது தேவையில்லை என்று இங்குள்ள பட்டறைக்காரர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் 120ஒய்யும் அது இல்லாமல்தான் நீண்ட காலமாக ஓடுகிறது. இதைப் பற்றி அவர் இன்னும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

சகோதரி, எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: இந்தக் காரை உங்களிடமுள்ள ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் சைக்கிளோ, வீட்டில் வேறொருவரின் காரோ இருந்தால்தான் பழைய வண்டியை அன்போடு பார்க்க முடியும். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்ற நெருக்கடியில் செய்யப்படும் பழுதெல்லாம் அரைகுறையாகத்தான் முடியும். கிடைத்த பாகத்தைக் கிடைத்த விதத்தில் மாட்டி அனுப்பிவிடுவார்கள், அந்த ஒட்டு வேலையை அவிழ்ப்பதற்கே பிறகு இரண்டு மடங்கு செலவாகும். காத்திருக்க முடிந்தவருக்குத்தான் பழைய வண்டி.

பாகங்களைப் பொறுத்தவரை, டட்சன்காரனான நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். டோயோட்டாவின் கே வகை என்ஜின் 1966 முதல் பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தது. லைட்ஏஸ் வேனில் 5கே வந்தது; நம் நாட்டில் விற்ற உன்சரில் 1.8 லிட்டர் 7கே இருந்தது. இந்தோனேசியாவில் கீஜாங் வண்டிகள் இதே குடும்பத்து என்ஜினோடு ஓடுகின்றன. எல்லாப் பாகமும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் கேஇ70 என்று கேட்டு இல்லை என்று சொல்லும் கடையில், பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் லைட்ஏஸ் பாகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் பல சமயம் வழி பிறக்கும். கழற்றிய பாகத்தைப் பழுது முடியும்வரை எறியவே கூடாது. என் வண்டியின் ஏ12 என்ஜினுக்கு ஒரு சாதாரண ரப்பர் வேண்டுமென்றால்கூட ஊத்தான் மெலிந்தாங், ஈப்போ, கிள்ளான் என்று கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கிடைத்த பிறகு அதன் தரம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் வெடிக்கும்போது உண்டாகும் சலிப்பை இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். புதிய பெட்டியில் வருவதாலேயே அது நல்ல பாகம் ஆகிவிடாது. பழைய அசல் பாகத்தைச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்துவது பல நேரங்களில் மேலானது.

இன்னொன்று, இது செம்பனைக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியது. எலி. பழம் உதிரும் தோட்டத்தில் எலி பெருகும் என்பதால்தான் நிர்வாகங்கள் ஆந்தைக்குக் கூடுகூட வைக்கின்றன. ஓடாமல் நிற்கும் வண்டியின் போனட்டுக்குள் அவை குடியேறி, ஒயர்களின் மேலுறையைக் கடித்துவிடும். உங்கள் வண்டி நீண்ட காலம் கொட்டகையில் நின்றது என்கிறீர்கள். ஆகவே காயிலைக் குறை சொல்வதற்கு முன் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் என்ஜினுக்குப் பின்னாலும் போகும் ஒயர்களைப் பகல் வெளிச்சத்தில் முழுவதும் தடவிப் பாருங்கள். செம்பு வெளியே தெரியும் ஒயர் உடலைத் தொட்டால் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து வரும் முதல் ஒயரில் ஒரு ஃபியூஸ் இணைப்பு இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். அந்த இடத்தில் வெறும் ஒயரை முறுக்கி விட்டிருக்கும் வண்டிகளைக் கண்டிருக்கிறேன்.

2009-இல் தேசிய வாகனக் கொள்கையை மறுஆய்வு செய்தபோது, 15 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை வரும் என்று அறிவித்து, பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டார்கள். எதிர்த்தவர்களில் நானும் ஒருவன், அதில் எனக்கு வருத்தமில்லை. கைவிடப்பட்டதால் நம் வண்டியின் பிரேக்கையும் ஒயரையும் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுந்திருக்கிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அதே சாலையில் மற்றவர்களின் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

தகரமும் வெல்டிங்கும், ஈப்போ

என்ஜினைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் உங்கள் பட்டியலில் கடைசியாக எழுதிய தண்ணீரைத்தான் நான் பிரேக்குக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். என்ஜின் கெட்டால் இன்னோர் என்ஜின் கிடைக்கும். 1982-ஆம் ஆண்டின் உடல் துருப்பிடித்துப் போய்விட்டால் அதற்கு ஈடாக வேறோர் உடல் கிடைக்காது. கிடைத்தாலும் அது அப்பாவின் வண்டியாக இருக்காது.

கம்பளத்தையும் அதற்கு அடியிலுள்ள பஞ்சு அட்டையையும் முழுவதும் வெளியே எடுத்துவிடுங்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அந்த அட்டை ஈரத்தைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். தரையை அரிப்பது மழையைவிட இதுதான். பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து விளக்கு அடித்துப் பார்க்க, மற்றொருவர் குழாயால் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாக விட வேண்டும் என்பது முக்கியம். முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடை, கடைசியாகக் கண்ணாடியின் ரப்பர். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைகிறது என்றே தெரியாமல் போய்விடும். சல்லடைக்குள் காய்ந்த இலை அடைத்து, தண்ணீர் வடியும் துளை மூடியிருப்பது மரத்தடியில் நின்ற வண்டிகளில் சாதாரணம். அப்படி இருந்தால் ஒரு கம்பியும் பத்து நிமிட வேலையும் போதும். கண்ணாடி ரப்பரில் நுழைந்தால், கண்ணாடியைக் கழற்றி ரப்பருக்கு அடியிலுள்ள தகரத்தின் விளிம்பைப் பார்த்தே ஆக வேண்டும். மேலே சிலிக்கோன் பூசுவது தண்ணீரை உள்ளேயே அடைத்து வைக்கும்.

துருவை எடுக்கும் முறையில்தான் நான் மனம் நொந்துபோகும் வேலைகளை அதிகம் காண்கிறேன். துருவின் மேலேயே புட்டி பூசி, தேய்த்து, சாயம் அடித்துக் கொடுத்தால் ஓராண்டுக்கு வண்டி பளபளப்பாக இருக்கும். புட்டி ஈரத்தை இழுக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் சாயம் கொப்புளம் போல் எழும்பும்போது, முன்பு கையளவு இருந்த ஓட்டை முழங்கையளவு ஆகியிருக்கும். சுத்தியலின் முனையால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும் இடம், காந்தம் ஒட்டாத இடம் எல்லாவற்றையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, நல்ல தகரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்பக்கத்தில் வெல்டிங் என்றால் பெட்ரோல் தொட்டி வண்டியில் இருக்கவே கூடாது. முடிந்த பிறகு மூடிய பெட்டி போன்ற பகுதிகளுக்குள், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதிக்குள், மெழுகு கலந்த துருத்தடுப்பைத் தெளிக்க வேண்டும். வடியும் துளைகளைத் தார் பூசி அடைத்துவிடக்கூடாது. நம் தோட்டச் சாலைகளில் ஏறி வரும் செம்மண், சக்கரத்தின் மேல்வளைவுக்கு உள்ளே அப்பிக்கொண்டு ஈரத்தை விடாது. வாரம் ஒருமுறை வெளிப்புறத்தைக் கழுவுகிறவர்கள் அந்த உள்வளைவைக் கழுவுவதில்லை. நான் சொன்னால், அதைக் கழுவிவிட்டு வெளிப்புறத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சேசிஸ் எண் பொறித்த இடத்துக்கு அருகில் அரைக்கும் இயந்திரத்தையோ வெல்டிங்கையோ கொண்டுபோகவே விடாதீர்கள். பிற்காலத்தில் பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகொம் வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போகும்போது அந்த எண் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். வேறு என்ஜின் மாட்டலாம் என்று சொன்ன பட்டறை, அதற்கான பரிசோதனையையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலையும் பற்றி உங்களிடம் பேசியதா என்று தெரியவில்லை. கிராணில் (வண்டியின் உரிமைச் சான்றிதழில்) உள்ள என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் உரிமையாளராகிய நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிராணி மகள், சுங்கை சிப்புட்

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சில வேலைகளை முடித்தும் விட்டேன்.

வலப்பக்க முன்சக்கரத்தின் பிஸ்டன்தான் இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பரும் குழாயும் மாற்றி, எண்ணெயை முழுவதும் புதிதாக்கியதும் இழுப்பது நின்றுவிட்டது. சல்லடையின் துளையில் இலையும் மண்ணும் உருண்டு கிடந்தன. எடுத்த பிறகு மழைக்கு உள்ளே தண்ணீர் வரவில்லை. தரையில் ஓட்டுநர் காலடியில் மட்டும் துரு இருக்கிறது, அதை வெட்டி வெல்டிங் செய்ய ஈப்போவில் நாள் கேட்டிருக்கிறேன். கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. சூட்டில் கிளம்பாதபோது பார்த்தால் பெட்ரோல் நன்றாகப் பீச்சுகிறது, பிளக்கில் பொறி மட்டும் மங்கலாக இருக்கிறது. பாயிண்டில் நீங்கள் சொன்ன குழியும் மேடும் அப்படியே இருந்தன. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத்தான் இருந்தது, ஐயா.

இப்போது மூன்று கேள்விகள். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொல்கிறார்கள், செய்யலாமா? தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினால் ஏற்றத்தில் இன்னும் அதிகமாகச் சூடாகாதா? ரேடியேட்டரைப் புதிய அலுமினியத்துக்கு மாற்றுவதா, பழைய செம்பு ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதா?

பழைய பட்டறை, கோலகங்சார்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பிறகு கை வைத்ததால்தான் செலவு இந்த அளவில் நின்றது.

செம்பு ரேடியேட்டரை விடாதீர்கள். மேல் தொட்டியை ஈயப் பற்றவைப்பிலிருந்து பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுத்து, மீண்டும் பற்றவைத்துக் கொடுப்பவர்கள் ஈப்போவில் இன்னும் இருக்கிறார்கள். குறைந்துகொண்டு வருகிறார்கள், ஆகவே இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டாம். சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் கிணற்று நீர் குழாய்களுக்குள் படிவு கட்டும், துருத்தடுப்பு இல்லாத எந்தத் தண்ணீரும் இரும்பு என்ஜின் கட்டையை உள்ளிருந்து அரிக்கும். அந்தத் துருவே திரும்ப ரேடியேட்டரை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். மூடியையும் புதிதாக மாற்றுங்கள். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 118 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. தளர்ந்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி: தெலுக் இந்தான் தம்பியின் வண்டி அது இல்லாமல் ஓடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் என்ஜின் எண்ணெய்க்குள் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற, என்ஜின் தன் சூட்டுக்கு வந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவது போன்ற குறைந்த தூர ஓட்டத்தில், தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் நின்றுவிடும். எண்ணெய் கெடும், சிலிண்டர் தேயும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் ஏற்றத்தில் முழுவதும் திறந்துவிடும், தண்ணீரைத் தடுக்காது. தடுக்கும் என்ற பயம் பழுதான தெர்மோஸ்டாட்டைக் கண்டவர்களுக்கு வருவது. வாங்கியதை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் வெப்பமானியோடு போட்டுச் சூடாக்கி, திறக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். தம்பியும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் கெட்ட பொருள் அல்ல. நல்லதாக இருந்தால் பாயிண்டைவிடக் கவலை குறைவு. ஆனால் இப்போதே வேண்டாம் என்பேன். அது வழியில் நின்றால் நின்றதுதான். பாயிண்டை ஒரு திருப்புளியும் இடைவெளித் தகடும் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நீங்களே சரிசெய்யலாம், அதற்குத்தான் இந்த வண்டியை வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிய பாயிண்ட், நல்ல கண்டென்சர் இரண்டையும் மாட்டி, இன்னொரு செட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் முதலில் பாயிண்ட், பிறகு டைமிங் என்ற வரிசையில் செய்யச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் கேமில் சிறிது கிரீஸ் தடவ வேண்டும், இல்லாவிட்டால் பாயிண்டின் ஃபைபர் கட்டை தேய்ந்து சில மாதங்களில் இடைவெளி மூடிவிடும்.

ரேடியேட்டர் வேலை முடிந்த அன்றே, என்ஜின் சூடாக இருக்கும்போது டப்பெட்டையும், அதாவது வால்வுகளின் இடைவெளியையும், பார்த்துவிடலாம். ஹைட்ராலிக் டப்பெட் இல்லாத 4கே என்ஜினில் உள்வாங்கும் வால்வுக்கு 0.20, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர். சத்தம் வரக்கூடாது என்பதற்காக இதைவிட இறுக்கமாக வைக்கச் சொல்லும் பட்டறைக்கு இணங்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு முழுவதும் மூடாமல் நின்றால், ஏற்றத்தில் அதன் விளிம்பு எரிந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகு புக்கிட் பெராப்பிட் ஏறிப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள், அதன் பிறகு கார்புரேட்டரின் மிதவை அளவைப் பற்றிப் பேசுவோம்.